நிலா உருண்டை, வாசலில் கிடக்கும் கருங்கல் ஏன் இல்லை?

நட்சத்திரம், கோள், நிலா எல்லாம் ஏன் உருண்டையாகவே இருக்கின்றன, அதற்குக் காரணம் ஈர்ப்பு விசை என்றால் வாசலில் கிடக்கும் கருங்கல்லுக்கும் ஈர்ப்பு விசை உண்டுதானே, அது ஏன் உருண்டையாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்கு யாரைக் கேட்டாலும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். உண்மையான கேள்வி இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. கல்லுக்கும் கோளுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு எல்லை இருக்க வேண்டும். அது எங்கே, ஏன் அங்கே என்பதுதான் நீங்கள் கேட்பது. நான் பள்ளியில் பல வருடம் இயற்பியல் நடத்தியவன், மொட்டைமாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி வைத்திருப்பவன், ஆராய்ச்சியாளன் அல்ல. கீழே வரும் கணக்குகள் கரும்பலகைக் கணக்குகள். சில இடங்களில் இரண்டு மடங்கு வரை முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் விஷயம் பிடிபட அது போதும்.

முதலில் இரண்டு தவறான பதில்களை ஒதுக்கிவிடலாம். "சார், சுத்திக்கிட்டே இருக்கிறதால உருண்டை ஆயிடுச்சு" என்று வகுப்புக்கு ஒருவராவது சொல்வார்கள். குயவர் சக்கரத்தைப் பார்த்த நினைவாக இருக்கலாம். அங்கே வடிவம் கொடுப்பது குயவரின் கை, சக்கரம் அல்ல. கையை எடுத்துவிட்டு வேகத்தைக் கூட்டினால் களிமண் பக்கவாட்டில் விரிந்து சிதறும். சுழற்சி உருண்டையைக் கெடுக்கத்தான் செய்யும், பின்னால் அதற்கு வருகிறேன். இரண்டாவது, மழைத்துளி, சோப்புக் குமிழி உதாரணம். அங்கே வேலை செய்வது பரப்பு இழுவிசை. அது சில மில்லிமீட்டர் அளவுக்குத்தான் ராஜா. கொஞ்சம் பெரிய மழைத்துளியே விழும்போது அடியில் தட்டையாகிவிடுகிறது. கோள் அளவில் அதற்கு வேலையே இல்லை.

வீட்டு வேலைக்கு லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குவியல் உயரும், ஒரு கட்டத்துக்குமேல் பக்கவாட்டில் சரியும், ஒரு குறிப்பிட்ட சரிவு வந்ததும் நின்றுவிடும். மணல் துகள்களுக்கு இடையே இருக்கும் உராய்வு அதற்குமேல் சரியவிடாது. அதே லாரியில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டினால் குவியலே கிடையாது, இருக்கிற பள்ளத்தை எல்லாம் தேடி ஓடி மட்டமாகிவிடும். இரண்டையும் இழுப்பது ஒரே பூமிதான். எதிர்த்து நிற்கும் வலு மணலுக்குக் கொஞ்சம் உண்டு, தண்ணீருக்கு இல்லை. இப்போது இதைப் பெரிய அளவில் யோசியுங்கள். ஒரு கோளில் "கீழே" என்றால் மையத்தை நோக்கி. மேடாக இருப்பது எல்லாம் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது, பள்ளம் எல்லாம் மையத்துக்கு அருகில். மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிந்துகொண்டே போனால், இனிச் சரிய இடமில்லை என்று ஆகும் வடிவம் ஒன்றே ஒன்றுதான்: மேற்பரப்பின் எல்லா இடமும் மையத்திலிருந்து ஒரே தூரம். அதுதான் உருண்டை. ஈர்ப்பு விசைக்கு உருண்டைமேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது. எல்லாத் திசையிலிருந்தும் ஒரே புள்ளிக்கு இழுத்தால் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

ஆக, கேள்வி இப்படி மாறுகிறது: கல் எவ்வளவு எதிர்த்து நிற்கும்? 10 கி.மீ. உயரமுள்ள ஒரு பாறைத் தூணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் பாறை ஏறக்குறைய 3 கிராம். ஒரு சதுர சென்டிமீட்டர், அதாவது உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தின்மேல், 10 கி.மீ. உயரத்துக்குப் பாறை நின்றால் அதன் எடை 3 டன். சரக்கு ஏற்றிய இரண்டு குட்டியானை வண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு நகத்தின்மேல் வைத்தது போல. நல்ல கருங்கல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டரை டன் வரை தாங்கும், அதற்குமேல் நொறுங்கும். எவரெஸ்ட் 8,849 மீட்டரில் நிற்கிறது, 30 கி.மீ. உயர மலை பூமியில் எங்கும் இல்லை என்பதற்கு மேலோட்டமான காரணம் இதுதான். மேலோட்டமான என்று சொல்வது வேண்டுமென்றேதான். உண்மையான மலை தனித் தூண் அல்ல, அகன்ற அடிவாரமும் பூமிக்குள் ஆழமாக இறங்கும் வேரும் உண்டு. அரிப்பும் கண்டத்தட்டுகளின் நகர்வும் சேர்ந்துதான் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. ஆனாலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்ற அளவு தற்செயல் அல்ல.

பூமியைச் சதுரக் கட்டியாகச் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இதே கன அளவுள்ள கட்டி என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 10,270 கி.மீ. வரும். ஒரு முகத்தின் நடுப்பகுதி மையத்திலிருந்து 5,135 கி.மீ. தூரம், மூலையோ சுமார் 8,890 கி.மீ. அதாவது எட்டு மூலைகளும் 3,700 கி.மீ.க்குமேல் உயரமான எட்டு மலைகள். 10 கி.மீ.க்கே கல் திணறும்போது இந்த மூலைகள் ஒரு நாள்கூட நிற்காது.

இங்கே ஒரு சந்தேகம் வரும்: கல் உடையலாம், ஆனால் வழிந்து உருண்டையாகுமா? ஆகும். கடினம் என்று நாம் சொல்வது நம் அவசரத்தையும் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் தார் போன்ற பிட்ச் என்ற பொருளை ஒரு புனலில் ஊற்றிவைத்தார்கள். சுத்தியால் தட்டினால் கண்ணாடி மாதிரி உடையும் பொருள் அது. ஆனால் புனல் வழியாக அது சொட்டுகிறது. 2014இல் விழுந்தது ஒன்பதாவது சொட்டு. பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் பாறையும் அப்படித்தான். உருகிய குழம்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது திடப்பொருள்தான். ஆனால் சூட்டிலும் அழுத்தத்திலும் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்கிறது. கோடிக்கணக்கான வருடங்கள் கையில் இருக்கும்போது அந்த வேகம் தாராளம்.

இப்போது எல்லைக் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கரும்பலகையில் மூன்று வரியில் முடிந்துவிடும். பூமியின் ஆரம் சுமார் 6,400 கி.மீ., அதில் மலை அதிகபட்சம் 10 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே மாதிரிப் பாறையால் ஆன, ஆனால் பூமியைவிட 25 மடங்கு சிறிய ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பில் ஈர்ப்பும் 25 மடங்கு குறையும். கல்லின் வலு மாறவில்லை, எடைதான் குறைந்திருக்கிறது. ஆகவே மலை 25 மடங்கு உயரலாம்: 250 கி.மீ. ஆனால் அந்த உருண்டையின் ஆரமே 250 கி.மீ.தானே! ஆரத்தின் அளவுக்கு மலை நிற்கலாம் என்றால் அதற்கு உருண்டை வடிவம் கட்டாயமே இல்லை. அந்த அளவுக்குக் கீழே கல்லின் வலு ஜெயிக்கும், மேலே ஈர்ப்பு ஜெயிக்கும். உங்கள் வாசல் கருங்கல் இந்தப் போட்டியில் எங்கேயோ அடிமட்டத்தில் இருக்கிறது. அதன் ஈர்ப்பு அதன் ஒரு துகளைக்கூட அசைக்காது. (ஆற்றில் கிடக்கும் கூழாங்கல் உருண்டையாக இருக்கிறதே என்றால், அது தண்ணீர் தேய்த்தது. அந்தக் கணக்கு வேறு.)

இந்த 250 வெறும் காகிதக் கணக்கு அல்ல என்பதற்கு வானத்திலேயே சாட்சி இருக்கிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் குறுங்கோள் சீரிஸ் சுமார் 470 கி.மீ. ஆரம் உள்ளது, உருண்டை. அதே பகுதியில் இருக்கும் சிறுகோள் வெஸ்டாவுக்குச் சராசரி ஆரம் சுமார் 262 கி.மீ.; ஏறக்குறைய உருண்டைதான், ஆனால் அமுங்கிச் சப்பிப்போன உருண்டை. 2011இல் டான் விண்கலம் வெஸ்டாவைச் சுற்றிவரத் தொடங்கியபோது அதன் தென்துருவத்தில் சுமார் 500 கி.மீ. அகலமுள்ள பெரும்பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. செவ்வாயின் நிலா ஃபோபோஸ் நீளவாக்கில் 27 கி.மீ., குறுக்கே 18 கி.மீ.; உருளைக்கிழங்கேதான். அதன் மையத்தில் அழுத்தம் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டால், நம்மேல் காற்று கொடுக்கும் அழுத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் வருகிறது. பிரஷர் குக்கரில் விசில் வரும்போது உள்ளே கூடும் அழுத்தம் இதைவிட அதிகம். அதைக்கொண்டு கல்லை எப்படிப் பிசைவது? பூமியின் மையத்திலோ காற்றழுத்தத்தைப்போல் 36 லட்சம் மடங்கு. உருளைக்கிழங்கு என்பது என் கேலி மட்டும் அல்ல. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லைன்வீவரும் நார்மனும் 2010இல் இந்த எல்லைக்கு "உருளைக்கிழங்கு ஆரம்" என்றே பெயர் வைத்துக் கணக்கிட்டார்கள். பாறையாலானவற்றுக்கு சுமார் 300 கி.மீ., பனிக்கட்டியாலான நிலவுகளுக்கு சுமார் 200 கி.மீ. பனிக்கட்டி பாறையைவிட மெத்து, அதனால் சின்ன அளவிலேயே தோற்றுவிடுகிறது.

இதுவரை சொன்னதில் அடிப்படை உறுதியானது. எல்லை துல்லியமான கோடு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சனியின் நிலா மைமாஸ் சுமார் 198 கி.மீ. ஆரம், உருண்டை. நெப்டியூனின் நிலா புரோட்டியஸ் அதைவிடக் கொஞ்சம் பெரியது, சுமார் 210 கி.மீ.; ஆனால் கோணல்மாணலாக இருக்கிறது. பெரியது கோணல், சிறியது உருண்டை! அளவு மட்டும் போதாது. உள்ளே எவ்வளவு சூடு இருந்தது, எவ்வளவு காலம் இருந்தது, பிறகு எத்தனை அடி வாங்கியது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. சூரியக் குடும்பம் பிறந்த காலத்தில் அலுமினியம்-26 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. சுமார் 7 லட்சம் வருடத்தில் பாதியாகக் கரைந்துபோகும் அது, வெஸ்டா போன்றவற்றை உள்ளிருந்தே உருக்கியிருக்கிறது. சூடாக இருந்தபோது உருண்டையாகி, ஆறி இறுகியபின் அடி வாங்கினால் அந்தக் காயம் ஆறாது. வெஸ்டாவின் சப்பிப்போன தோற்றத்துக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம் இதுதான்.

ஆறிய பிறகு வடிவம் உறைந்துவிடும் என்பதற்கு இன்னும் நல்ல உதாரணம் சனியின் இன்னொரு நிலா, ஐயாபெட்டஸ். அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 79 நாள் எடுக்கிறது. அவ்வளவு மெதுவாகச் சுற்றுவது அச்சான உருண்டையாக இருக்க வேண்டும். ஆனால் அதன் நடுப்பகுதி துருவத்தைவிட 30 கி.மீ.க்குமேல் புடைத்திருக்கிறது, ஏறக்குறைய 16 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றும் ஒன்றுக்குப் பொருந்தும் புடைப்பு. ஒரு காலத்தில் வேகமாகச் சுற்றியபோது எடுத்த வடிவம் அப்படியே உறைந்துவிட்டது என்று கருதுகிறார்கள். அதன் நடுக்கோட்டில் சில இடங்களில் 20 கி.மீ. உயரத்துக்கு ஒரு மேடு ஓடுகிறது, கொழுக்கட்டையின் ஓரம் மாதிரி. அது மேலிருந்து விழுந்த வளையத்தின் குப்பையா, உள்ளிருந்து எழுந்ததா என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. நம் நிலாவுக்கும் இப்படி ஒரு பழைய புடைப்பு உண்டு. புதனின் வடிவமும் அதன் இன்றைய மெதுவான சுழற்சியோடு கச்சிதமாகப் பொருந்தவில்லை. இதில் ஒரு வேடிக்கை: 2006 ஆகஸ்டில் பிராகில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம், கோள் என்றால் தன் ஈர்ப்பால் சமநிலை கண்டு ஏறக்குறைய உருண்டையாகி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அந்த விதியை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் புதனே வாசலில் நிற்க வேண்டியிருக்கும். யாரும் அப்படிப் படிப்பதில்லை, நல்லவேளை.

சரி, சுழற்சிக்கு வருவோம். பூமியும் முழு உருண்டை இல்லை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. பள்ளியில் இருக்கும் 30 செ.மீ. உலக உருண்டையில் இந்த வித்தியாசத்தைக் காட்டினால் குறுக்களவில் ஒரு மில்லிமீட்டர் வரும். எவரெஸ்ட் அதில் ஐந்தில் ஒரு பங்கு, விரலில் தட்டாது. இது கண்டுபிடிக்கப்பட்ட கதை ஒரு கடிகாரத்தில் தொடங்குகிறது. 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போனார். பாரிஸில் ஒழுங்காக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே தினமும் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அங்கே ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. 1687இல் நியூட்டன், சுழலும் பூமி நடுவில் புடைத்திருக்க வேண்டும் என்றார். பாரிஸின் வானியலாளர்களான காசினி குடும்பத்தார், இல்லை, துருவப் பக்கம் நீண்டிருக்கிறது என்றார்கள். தகராறைத் தீர்க்க 1730களில் பிரான்சிலிருந்து ஒரு குழு ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் லாப்லாந்துக்கும் இன்னொன்று இன்றைய ஈக்வடார் பகுதிக்கும் போய்த் தரையை அளந்தது. நியூட்டன் சொன்னதே சரி. இதே அளவை வேலையில் சென்னைக்கும் பங்குண்டு. 1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். இந்தியாவின் பெரும் முக்கோண அளவை அங்கிருந்து தொடங்கியது. வரைபடம் போடுவதோடு, இந்த அட்சரேகையில் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதும் அவர் நோக்கம். சென்னை அருகே அது 110.6 கி.மீ., லாப்லாந்தில் 111.5 கி.மீ. அந்தச் சின்ன வித்தியாசம்தான் பூமியின் தட்டை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கடல்மட்டத்திலிருந்து பார்க்காமல் பூமியின் மையத்திலிருந்து அளந்தால் மிகத் தூரமான சிகரம் எவரெஸ்ட் அல்ல, ஈக்வடாரில் இருக்கும் சிம்பராசோ. புடைப்பின்மேல் நிற்பதால் சுமார் 2 கி.மீ. முந்திவிடுகிறது.

வேகம் கூடினால் புடைப்பு கூடும். சனி பத்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து ஒரு சுற்றை முடிக்கிறது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தட்டை. நெப்டியூனுக்கு அப்பால் இருக்கும் ஹவுமியா நான்கு மணி நேரத்துக்குள் சுற்றிவிடுகிறது. அதன் நீளம் சுமார் 2,300 கி.மீ., மிகக் குறுகிய பக்கம் சுமார் 1,000 கி.மீ. இத்தனைக்கும் உருண்டையாக வேண்டிய அளவு அதற்குத் தாராளமாக இருக்கிறது. எதிர்மாறாக, ரியுகு என்ற சிறுகோள் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. 2018இல் ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் நெருங்கிப் பார்த்தபோது அச்சு அசலாகப் பம்பரம். அது ஒற்றைக் கல் அல்ல, கற்குவியல். எப்போதோ வேகமாகச் சுற்றியபோது கற்கள் நடுக்கோட்டை நோக்கிச் சரிந்து சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள். நான் முன்பு சொன்ன லாரி மணல்தான், இங்கே சரிவின் திசையைச் சுழற்சி மாற்றிவிட்டது.

நட்சத்திரங்களுக்குக் கதை சுருக்கம். அங்கே எதிர்க்கக் கல்லே இல்லை. எல்லாம் கொதிக்கும் வாயு. வடிவத்தைப் பிடித்துவைக்கும் வலு அதற்குத் துளியும் கிடையாது. உள்ளே இழுக்கும் ஈர்ப்பும் வெளியே தள்ளும் வாயு அழுத்தமும் ஒவ்வொரு அடுக்கிலும் சமமாக நிற்க, உருண்டை தானாக வருகிறது. சூரியன் தன்னைச் சுற்ற 25 நாள் எடுப்பதால், ஏறக்குறைய 14 லட்சம் கி.மீ. விட்டத்தில் நடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் வித்தியாசம் 10 கி.மீ. அளவுதான். நமக்குத் தெரிந்த மிகக் கச்சிதமான உருண்டைகளில் அதுவும் ஒன்று. ஆனால் எல்லா நட்சத்திரமும் அப்படி இல்லை. திருவோணம் என்று நாம் சொல்லும் ஆல்டெயர் சூரியனைவிடப் பெரியது, சுமார் 9 மணி நேரத்தில் சுற்றுகிறது. அதன் நடுப்பகுதி துருவத்தைவிட 20 விழுக்காட்டுக்கும் மேல் அகலம். ஒன்றோடொன்று இணைத்த பல தொலைநோக்கிகளைக் கொண்டு எடுத்து 2007இல் வெளியான படத்தில் அந்த முட்டை வடிவம் தெரிகிறது. நம் கண்ணுக்கு அது புள்ளிதான்.

கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்றால் வியாழனைப் பாருங்கள். ஒருமுறை மாடியில் மாணவர்களுக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கண்ணை எடுக்காமலே, "சார், உங்க டெலஸ்கோப் கோணலா இருக்கு, வியாழன் நசுங்கித் தெரியுது" என்றாள். நானும் சந்தேகப்பட்டுக் கண்வில்லையைக் கால்சுற்று திருப்பிப் பார்த்தேன், நசுங்கல் திரும்பவில்லை. கருவியில் கோளாறு இல்லை, வியாழனே அப்படித்தான். பத்து மணி நேரத்துக்குள் சுற்றிவிடுவதால் நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட 9,000 கி.மீ.க்குமேல் அதிகம், நம் பூமியில் முக்கால் பங்கு அகலம். சின்னத் தொலைநோக்கியிலேயே தெரியும். அடையாளம் வேண்டுமென்றால், அதன்மேல் ஓடும் பழுப்புப் பட்டைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டைகள் எந்தப் பக்கமாக ஓடுகின்றனவோ அந்தப் பக்கம்தான் அகலம்.